இரத்தக் குழாயோடு இடம்பெயரும் தோல்

கையில் வெட்டுக் காயம் பட்டால் உடனே கட்டுப் போட்டுக் கொள்கிறோம். காலில் முள் தைத்தால் நொண்டிக் கொண்டாவது மருத்துவரிடம் போகிறோம். ஆனால் உடலில் ஓரிடம் உண்டு. அங்கே புண் வந்தால் பலர் வீட்டாரிடம்கூடச் சொல்வதில்லை. முன்புறம் பிறப்புறுப்புக்கும் பின்புறம் மலவாய்க்கும் இடையே, இரு தொடைகளும் உடலோடு சேருமிடத்தில் இருக்கும் பகுதியே அது. மருத்துவ நூல்கள் இதைப் பெரினியம் என்று கூறும். நாம் இக்கட்டுரையில் கவட்டுப் பகுதி என்றே அழைப்போம்.

அளவில் இது உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. முன்னே இடுப்பெலும்பின் முன்முனை, பின்னே வால் எலும்பு, இரு பக்கமும் நாம் உட்காரும்போது தரையில் ஊன்றும் எலும்பு முனைகள் ஆகிய நான்கையும் இணைத்துக் கோடு போட்டால் சாய்சதுரம் ஒன்று கிடைக்கும். அதுவே கவட்டுப் பகுதி. வயிற்றின் உறுப்புகளைக் கீழிருந்து தாங்கும் தளம் இது. சிறுநீரும் மலமும் வெளியேறுவதும், குழந்தை பிறப்பதும் இதன் வழியேதான். உட்கார்ந்தால் உடலின் பாரம் இதன் ஓரங்களில் இறங்குகிறது. நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் இது இழுபடுகிறது.

இத்தகைய இடத்தில் தோலும் சதையும் பெருமளவில் அழிந்துபோனால் என்ன செய்வது? வேறோர் இடத்துத் தோலையும் தசையையும் அவற்றின் இரத்தக் குழாயோடு சேர்த்துத் திருப்பிக் கொண்டு வந்து அந்தப் பள்ளத்தை நிரப்புகிறார்கள் ஒட்டறுவை மருத்துவர்கள். இதற்கு மடல் அறுவை என்று பெயர். இது எப்படி நடைபெறுகிறது என்பதைப் பார்ப்போம்.

பள்ளம் விழும் வழிகள்

கவட்டுப் பகுதியில் பெரும்புண் ஏற்படக் காரணங்கள் பல. அவற்றுள் மிகக் கொடியது திடீரெனத் தோன்றும் அழுகல் நோய். பாரிஸ் நகர மருத்துவர் ழான் அல்பிரட் ஃபூர்னியே 1883-ஆம் ஆண்டில், நல்ல உடல்நலத்தோடு இருந்த ஐந்து இளைஞர்களின் பிறப்புறுப்புத் தோல் திடீரென அழுகியதை விவரித்தார். ஆகவே இதற்கு ஃபூர்னியே அழுகல் என்ற பெயர் நிலைத்தது. இன்று இது நடுவயதினருக்கும் முதியவர்க்குமே மிகுதியாக வருகிறது. அவர்களுள் பலர் நீரிழிவு உள்ளவர்கள். பெண்களுக்கும் இது வரலாம்.

மலவாய் அருகில் வந்த ஒரு சிறு கட்டி, சிறுநீர்ப் பாதையில் ஒரு தொற்று, மழிக்கும்போது பட்ட கீறல் போன்ற ஏதாவது ஒரு வாசல் வழியாகப் பலவகைப் பாக்டீரியாக்கள் ஒன்றாக உள்ளே நுழைகின்றன. தோலுக்கு அடியிலுள்ள மெல்லிய சவ்வுப் படலத்தின் வழியே அவை பரவுகின்றன. அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து அடைபடுகிறது. இரத்தம் கிடைக்காத தோல் கறுத்து மடிகிறது. காலையில் சிவந்திருந்த இடம் மாலையில் கறுத்துப் போவதும் உண்டு. செத்த தோல் முழுவதையும் உடனே வெட்டி அகற்றினால்தான் உயிர் பிழைக்கும். மருந்து மட்டும் போதாது. ஏனெனில் இரத்தம் ஓடாத இடத்துக்கு மருந்தும் போய்ச் சேராது.

இந்நோயில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. விதைப்பையின் தோல் முழுவதும் அழுகி விழுந்த பிறகும் உள்ளேயிருக்கும் விதைகள் இரண்டும் பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். காரணம் எளியது. விதைப்பைத் தோலுக்கு இரத்தம் வருவது பக்கத்திலுள்ள கவட்டுத் தமனிகளிலிருந்து. விதைகளுக்கு வருவதோ வயிற்றின் உள்ளே, சிறுநீரகங்களின் அருகே பெருந்தமனியிலிருந்து புறப்படும் தனிக்குழாய் வழியே. கரு வளரும்போது விதைகள் வயிற்றுக்குள் தோன்றிப் பின்னரே கீழிறங்குகின்றன. வரும்போது தம் தமனியையும் உடன் இழுத்து வருகின்றன. ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருக்கும் இரண்டு உறுப்புகளில் ஒன்று அழிகிறது, மற்றொன்று வாழ்கிறது. ஒரு திசு எங்கே இருக்கிறது என்பதைவிட அதற்கு எங்கிருந்து இரத்தம் வருகிறது என்பதே அதன் உயிரைத் தீர்மானிக்கிறது. இவ்வுண்மையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். மடல் அறுவை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது காரணம் புற்றுநோய். மலக்குடலின் அடிப்பகுதியில் புற்றுநோய் வந்து அதைத் தனியே எடுக்க இயலாதபோது, வயிற்றின் வழியாகவும் கவட்டின் வழியாகவும் அணுகி மலக்குடலையும் மலவாயையும் ஒருசேர அகற்ற நேரிடுகிறது. இம்முறையை லண்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் 1908-இல் வெளியிட்டார். மலவாய்ப் புற்றுநோயை இன்று பெரும்பாலும் கதிர்வீச்சும் மருந்தும் கொண்டே குணப்படுத்த முயல்கிறார்கள்; அது மீண்டும் தலைதூக்கினால் இவ்வறுவையே வழி. பெண்குறியின் புற இதழ்களில் வரும் புற்றுநோய்க்கும் அகலமாகத் தோலை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது காரணம் அழுத்தப் புண். முதுகுத் தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர் நாள் முழுதும் சக்கர நாற்காலியில் உட்காருகிறார். நுண்குழாய்களின் தொடக்கத்தில் இரத்த அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம் என்று 1930-இல் லாண்டிஸ் என்பவர் அளந்து காட்டினார். உட்காரும் எலும்பு முனையின் கீழே ஏற்படும் அழுத்தமோ இதைப்போல் பல மடங்கு. குழாய்கள் நசுங்கி இரத்தம் நின்றுபோகிறது. உங்களுக்கும் எனக்கும் அது நடந்தால் வலிக்கும். நாம் அறியாமலே அசைந்து உட்காருவோம். உணர்விழந்தவருக்கு வலி தெரியாது. சில மணி நேரத்தில் ஆழத்தில் தசை சாகத் தொடங்கிவிடுகிறது. இவை தவிரச் சாலை விபத்து, தீக்காயம் ஆகியவற்றாலும் இங்கே பெருங்காயங்கள் உண்டாகின்றன.

ஏன் இழுத்துத் தைக்கக் கூடாது?

கிழிந்த துணியை இழுத்துத் தைப்பதுபோல் இப்புண்ணையும் தைத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சிறு புண்ணாயின் அப்படித்தான் செய்வார்கள். பெரும்புண்ணில் அது முடியாது.

முதலாவது, இறுக்கம். இழுத்துத் தைத்த தோலில் இரத்தக் குழாய்கள் நீண்டு சுருங்கி ஓரம் கறுத்துவிடும். தொடையை விரித்தால் தையல் பிரியும்.

இரண்டாவது, வெற்றிடம். வயிற்றில் ஓர் உறுப்பை எடுத்தால் சுற்றியிருக்கும் மென்மையான சுவர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இடைவெளியை மூடிவிடும். இடுப்புக் குழியோ எலும்பினாலான கிண்ணம். மலக்குடலை எடுத்தபின் அக்கிண்ணத்தின் சுவர்கள் நெருங்கி வரமாட்டா. வெளியே தோலைத் தைத்துவிட்டாலும் உள்ளே வெற்றிடம் இருக்கும். அதில் நிணநீரும் இரத்தமும் தேங்கும், தேங்கியது சீழாகும், சீழ் தையலைப் பிளந்து கொண்டு வெளிவரும். சிறுகுடல் சரிந்து இந்தப் பள்ளத்தில் விழுவதும் உண்டு.

மூன்றாவது, கதிர்வீச்சு. மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவைக்கு முன்பே கதிர்வீச்சு கொடுப்பது இன்று பரவலான முறை. கதிர்கள் புற்றணுக்களை அழிக்கும்போது, அருகிலுள்ள நல்ல திசுக்களின் சிறு தமனிகளையும் தடிக்கச் செய்து உள்வழியைக் குறுக்கிவிடுகின்றன. அவ்வாறு இரத்தம் குறைந்த ஓரங்களை எத்தனை நேர்த்தியாகத் தைத்தாலும் அவை ஆறத் தயங்கும்.

நான்காவதாக, இவ்விடத்தை எப்போதும் உலர்ந்ததாகவும் தூய்மையாகவும் வைத்திருப்பது கடினம்.

நாற்றும் பதியனும்

அப்படியானால் தொடையிலிருந்து தோலைச் சீவி எடுத்து ஒட்டலாமா? தீக்காயங்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு கனமே உள்ள தோல் படலத்தைச் சீவி எடுத்துப் புண்ணின்மேல் பரப்புவார்கள். இது தோல் ஒட்டு.

தோல் ஒட்டு பிழைப்பதை நாற்று நடுவதோடு ஒப்பிடலாம். நாற்றங்காலிலிருந்து பிடுங்கிய நாற்று முதல் சில நாள் வெளிறித் துவண்டிருக்கும். பிறகு வேர் பற்றிப் பச்சை பிடிக்கும். தோல் ஒட்டும் முதல் இரண்டு நாள் அடியிலுள்ள புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. பிறகு கீழிருக்கும் இரத்த நுண்குழாய்கள் மேலேறி அதனோடு இணைகின்றன. ஆகவே நாற்றுக்குச் சேற்று நிலம் வேண்டுவதுபோல் தோல் ஒட்டுக்கு இரத்தம் மிகுந்த தளம் வேண்டும். பாறையில் நாற்று பிடிக்காது. வெறும் எலும்பிலும், கதிர்வீச்சால் வறண்ட தளத்திலும் தோல் ஒட்டு பிடிக்காது. பிடித்தாலும் அந்த மெல்லிய படலம் ஆழ்ந்த பள்ளத்தை நிரப்பாது. உட்காரும் பாரத்தைத் தாங்காது. நாளடைவில் சுருங்கவும் செய்யும்.

மடலை மல்லிகைப் பதியனோடு ஒப்பிடலாம். கொடியின் ஒரு கிளையை வெட்டாமல் வளைத்து, வேறிடத்து மண்ணில் புதைக்கிறோம். தாய்க்கொடி அதற்கு நீர் கொடுத்துக் கொண்டே இருக்கிறது. புதைத்த மண் வறண்டதாக இருந்தாலும் கிளை வாடுவதில்லை. அதுபோலவே மடலின் ஒரு முனை அதன் பழைய இடத்தோடு இணைந்தே இருக்கும். அந்த இணைப்பின் உள்ளே ஒரு தமனியும் சிரைகளும் ஓடும். இணைப்புப் பகுதியைக் காம்பு என்று கூறுவார்கள். மடல் புதிய இடத்தின் தயவை எதிர்பார்ப்பதில்லை. தன் இரத்தத்தைத் தானே கொண்டு வருகிறது. அது மட்டுமன்று, வறண்ட இடத்துக்கும் இரத்தத்தையும், கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்களையும், நோய்த்தடுப்பு மருந்தையும் எடுத்துச் செல்கிறது.

அகலத்திலிருந்து இரத்தக் குழாய்க்கு

மடல் அறுவை நம் நாட்டில் தொன்மையானது. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலைக் கொண்டு புதுப்பிக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. 1794-இல் லண்டனில் வெளிவந்த ஜென்டில்மேன்ஸ் மேகசின் என்ற இதழ், பூனா அருகே ஒரு மாட்டு வண்டிக்காரரின் மூக்கை நெற்றித் தோலால் புதுப்பித்த செய்தியைப் படத்துடன் வெளியிட்டது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் 1814-இல் அம்முறையைத் தாமே செய்து பார்த்து, 1816-இல் நூலாக எழுதினார். மேலை நாடுகளில் இக்கலை புத்துயிர் பெற இது ஒரு தொடக்கமாயிற்று.

எனினும் ஒரு மடல் ஏன் பிழைக்கிறது, மற்றொன்று ஏன் கறுக்கிறது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. மடலின் நீளம் அதன் அகலத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்ற கணக்கையே மருத்துவர்கள் கைக்கொண்டனர். ஜெர்மானியரான கார்ல் மான்ஷோ 1889-லேயே, தோலின் எந்தப் பகுதிக்கு எந்தத் தமனி இரத்தம் தருகிறது என்று படம் வரைந்து நூல் வெளியிட்டிருந்தார். அதன் பயனை அன்று பலர் உணரவில்லை. 1970-இல் மில்ட்டன் என்பவர் பன்றிகளில் சோதனை செய்து, அகலத்தைக் கூட்டுவதால் மட்டும் மடல் நீளமாகப் பிழைப்பதில்லை, உள்ளே ஓடும் இரத்தக் குழாயே முக்கியம் என்று காட்டினார். 1973-இல் மெக்கிரகரும் மார்கனும் பெயர் தெரிந்த தமனி நடுவே ஓடும் மடல்களையும், அவ்வாறு ஓடாத மடல்களையும் பிரித்துக் கூறினர்.

இதற்கிடையே 1972-இல் கொலம்பியா நாட்டில் பணியாற்றிய ஆர்ட்டிகோச்சியா, தசையையும் அதன் மேலுள்ள தோலையும் ஒன்றாகவே தூக்கலாம் என்று எழுதினார். தசைக்கு வரும் தமனியிலிருந்து சிறு கிளைகள் மேலேறித் தோலையும் ஊட்டுகின்றன; ஆகவே தசையின் காம்பு பிழைத்தால் தோலும் பிழைக்கும். 1981-இல் மேத்தஸ், நஹாய் என்ற இருவர் உடலின் தசைகளை அவற்றின் இரத்தக் குழாய் அமைப்பைக் கொண்டு ஐந்து வகையாகப் பிரித்தனர். 1987-இல் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர், பால்மர் ஆகியோர் உடல் முழுவதையும் தமனிப் பாசனப் பகுதிகளாக வகுத்துக் காட்டினர். ஒவ்வொரு மதகுக்கும் இத்தனை ஏக்கர் ஆயக்கட்டு என்று பிரிப்போம் அல்லவா, அதுபோல.

கவட்டுக்கு நான்கு வாய்க்கால்கள்

கவட்டுப் பகுதிக்கு ஒரு நற்பேறு உண்டு. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் நல்ல தமனிகள் ஓடுகின்றன. அருகிலேயே உட்கவட்டுத் தமனியின் கிளைகள். உட்தொடையில் ஆழ்தொடைத் தமனியின் கிளைகள். பிட்டத்தில் கீழ்ப் பிட்டத் தமனி. முன்னே வயிற்றுச் சுவரில் ஆழ்ந்த கீழ் வயிற்றுத் தமனி. எந்தப் பள்ளத்துக்கு எந்த வாய்க்காலைத் திருப்புவது என்பதே மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

பள்ளம் ஆழமில்லாமல் தோல் மட்டும் போயிருந்தால் அருகிலுள்ள தோலே போதும். ஆங்கில வி எழுத்தைப்போல் முக்கோணமாக வெட்டி, அடியிலுள்ள இரத்தக் குழாய்களைத் தொடாமல் முன்னே நகர்த்தி, பின்னே விட்ட இடைவெளியைத் தைத்தால், தையல் ஒய் எழுத்தைப்போல் அமையும். 1996-இல் இங்கிலாந்தில் யீ, நிரஞ்சன் என்ற இரு மருத்துவர்கள், உட்கவட்டுத் தமனியின் கிளைகளை அடியாகக் கொண்ட மடல்களை விவரித்தனர். கவட்டைச் சுற்றி இவற்றை வரைந்து பார்த்தால் விரிந்த தாமரையின் இதழ்கள்போல் இருக்கும். ஆகவே தாமரை இதழ் மடல் என்றே பெயரிட்டனர். இதழை எடுத்த இடத்துத் தழும்பு இயல்பான மடிப்புகளில் மறைந்துவிடும்.

1989-இல் சிங்கப்பூரில் வீ, ஜோசப் ஆகிய இருவர், தொடை மடிப்பை ஒட்டிய தோலைக் கொண்டு யோனிக்குழாயைப் புதிதாக அமைக்கும் முறையை வெளியிட்டனர். தமனியோடு அவ்விடத்து நரம்பும் மடலில் சேர்ந்து வருவதால் புதிய இடத்திலும் தொடு உணர்வு இருக்கும். உலகெங்கும் இன்று இதைச் சிங்கப்பூர் மடல் என்றே அழைக்கிறார்கள்.

பள்ளம் சற்று ஆழமாயின் தசையும் வேண்டும். உட்தொடையில் இடுப்பெலும்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ஒல்லியான ஒரு தசை ஓடுகிறது. கிராசிலிஸ் என்னும் அதன் இலத்தீன் பெயருக்கே மெலிந்தது என்பது பொருள். இடுப்பெலும்பிலிருந்து ஏறத்தாழ 8 முதல் 10 சென்டிமீட்டர் கீழே அதன் முக்கியத் தமனி உள்ளே நுழைகிறது. முழங்கால் பக்கத்து முனையை அறுத்துவிட்டு, தமனி நுழையுமிடத்தை அச்சாகக் கொண்டு கடிகார முள்போல் தசையை மேலே திருப்பினால் அது கவட்டை எட்டிவிடும். தொடையை உட்பக்கம் இழுக்க வேறு வலுவான தசைகள் இருப்பதால் இதை இழந்ததை நடப்பவர் பெரும்பாலும் உணர்வதில்லை. 1976-இல் மெக்ரா என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் இத்தசையைத் தோலோடு சேர்த்து யோனிக்குழாய் அமைக்கப் பயன்படுத்தினர்.

பின்தொடையிலிருந்து எடுக்கும் பிட்டத் தொடை மடலை 1981-இல் ஹர்விட்ஸ் குழுவினர் விவரித்தனர். அழுத்தப் புண்களுக்கு இது ஏற்றது.

மலக்குடலை முற்றும் எடுத்த பெரும்பள்ளத்துக்கு, அதிலும் கதிர்வீச்சு பெற்றவர்க்கு, வயிற்றின் நடுவே மேலிருந்து கீழே ஓடும் நேர்த்தசையைப் பயன்படுத்துவார்கள். 1984-இல் ஷுக்லா, ஹியூஸ் ஆகிய இருவர் கவட்டுப் புண்ணுக்கு இம்மடலைப் பயன்படுத்தியதை வெளியிட்டனர். இத்தசைக்கு மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என இரண்டு தமனிகள் உண்டு. மேலுள்ளதை அறுத்து, கீழுள்ளதைக் காத்து, தசையையும் அதன்மேல் நெடுகக் கிடக்கும் தோலையும் வயிற்றுக்குள்ளே கவிழ்த்து, இடுப்புக் குழி வழியாகக் கவட்டுக்கு இறக்குகிறார்கள். தசை வெற்றிடத்தை நிரப்புகிறது. தோல் வெளியே வாசலை மூடுகிறது. நிரந்தரச் செயற்கை மலவாயைப் பெரும்பாலும் இடப்பக்க வயிற்றில் அமைப்பதால், மடலுக்கு வலப்பக்கத் தசையை எடுப்பது வழக்கம்.

அறுவையும் அதற்குப் பின்னும்

மடலை எடுக்கும் நாளுக்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. புண்ணில் அழுகல் ஒரு துளியும் இருக்கக் கூடாது. ஃபூர்னியே அழுகலில் செத்த திசுவைப் பல முறை வெட்டி அகற்றி, தளம் சிவந்து தளிர்த்த பின்பே மூட முனைவார்கள். அதுவரை, வெளியே தெரியும் விதைகளைத் தொடையின் தோலுக்கடியில் சிறு பைபோல் அமைத்து வைத்துக் காப்பதும் உண்டு. சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். உடல் தேறப் புரதம் நிறைந்த உணவு வேண்டும். புகைப்பழக்கத்தைச் சில வாரங்களுக்கு முன்பே விட்டாக வேண்டும்; நிக்கோட்டின் நுண்தமனிகளைச் சுருக்கி மடலைப் பட்டினி போட்டுவிடும். மலம் புண்ணில் படாதிருக்கச் சிலருக்கு வயிற்றில் தற்காலிகச் செயற்கை மலவாய் அமைப்பார்கள். அழுகல் நோயில் அதைப் பின்னர் மூடிவிடலாம்.

பிறகு பேனா போன்ற டாப்ளர் கருவியைத் தோலின்மேல் வைத்துக் கேட்பார்கள். அடியில் தமனி ஓடுமிடத்தில் நாடித் துடிப்புக்கு ஏற்ப விட்டு விட்டு ஓசை எழும். அவ்விடங்களில் மையால் புள்ளி வைத்து, மடலின் எல்லையை வரைவார்கள். மடலைத் தூக்கிய பின் அதன் காம்பு முறுக்கிக் கொள்ளாமலும் இழுபடாமலும் இருக்கிறதா என்று பார்த்துப் பொருத்துவார்கள். தண்ணீர் ஓடும் ரப்பர் குழாயில் ஒரு மடிப்பு விழுந்தால் மறுமுனை வறண்டு போகிறதல்லவா? உள்ளே தேங்கும் நீர் வடிய ஒரு குழாய் வைத்துத் தையல் போடுவார்கள்.

அடுத்த சில நாள் செவிலியரின் கண்ணே மருந்து. மடல் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு மூன்று விநாடிகளில் நிறம் திரும்ப வேண்டும். நம்மவரின் கருநிறத் தோலில் நிற மாற்றம் எளிதில் தெரியாது; ஆகவே வெப்பமும் டாப்ளர் ஓசையும் இன்னும் முக்கியம். மடல் வெளிறிக் குளிர்ந்தால் தமனியில் தடை. நீலம் பாரித்து வீங்கினால் சிரையில் தடை. உடனே கண்டுபிடித்தால் தையலைத் தளர்த்தியோ மீண்டும் திறந்து பார்த்தோ காப்பாற்றலாம்.

நோயாளிக்குப் பெருஞ்சோதனை உட்காராமல் இருப்பதே. ஒருக்களித்தோ குப்புறவோதான் படுக்க வேண்டும். சில வாரங்களுக்குப் பிறகு சில நிமிடங்கள், பின்னர் அரைமணி என்று படிப்படியாகவே உட்கார அனுமதிப்பார்கள். தேறிவிட்டது என்று நினைத்து அவசரப்பட்டு உட்கார்ந்தால் காம்பே நசுங்கும். வீட்டில் பார்த்துக் கொள்பவர்கள் இதைத் தெளிவாகப் புரிந்து கொள்ள வேண்டும்.

மடலால் ஆவதும் ஆகாததும்

மடல் பள்ளத்தை நிரப்பும், புண்ணை மூடும், நாற்றமும் கசிவும் இல்லாத வாழ்க்கையைத் திருப்பித் தரும். யோனிக்குழாயை அமைத்துத் தாம்பத்திய வாழ்வுக்கு வழி செய்யவும் பலருக்கு முடிகிறது. ஆனால் அகற்றப்பட்ட மலவாயின் சுருக்குத் தசை செய்த நுட்பமான வேலையை இம்மடல் செய்யாது. நிரந்தரச் செயற்கை மலவாய் அப்படியே இருக்கும். தொடைத் தோலில் முடி வளரும் இயல்பு புதிய இடத்திலும் தொடரும். மடலின் ஓரம் சிறிது கறுப்பதும், தையல் ஓரிடத்தில் விட்டுப் போவதும் இப்பகுதியில் அடிக்கடி நிகழ்பவை. அவற்றுள் பெரும்பாலானவை கட்டுப் போட்டே ஆறிவிடும். வயிற்றுத் தசையை எடுத்தவர்க்கு அங்கே பிதுக்கம் வரலாம்.

அழுத்தப் புண்ணுக்கு மடல் வைத்தால் மட்டும் போதாது. புண்ணை உண்டாக்கிய அழுத்தம் தொடர்ந்தால் புதிய மடலும் புண்ணாகும். ஆகையால் ஏற்ற மெத்தை, கால் மணி அல்லது அரைமணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்குதல், நாள்தோறும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்த்தல் ஆகியவை வாழ்நாள் முழுதும் தொடர வேண்டிய பழக்கங்கள். மீண்டும் புண் வரக்கூடும் என்பதை எண்ணியே, அதே மடலை இன்னொரு முறை நகர்த்தும் வகையில் மருத்துவர்கள் முதல் மடலைத் திட்டமிடுகிறார்கள்.

மறைக்க வேண்டாம்

இத்தனை நுட்பங்கள் இருந்தும் ஒன்றை எந்த மருத்துவராலும் திருப்பித் தர முடியாது: வெட்கத்தால் கழிந்துபோன நாட்களை. கவட்டில் வந்த கட்டிக்குத் தாமே களிம்பு தடவிக் கொண்டு, யாரிடமும் சொல்லாமல், காய்ச்சலும் நாற்றமும் வந்த பின்பே மருத்துவமனைக்கு வருகிறவர்கள் இன்றும் உண்டு. பெண்குறியில் ஆறாத அரிப்பையும் சிறு புண்ணையும் மாதக் கணக்கில் மறைக்கும் தாய்மார்களும் உண்டு. நோய் நாள்தோறும் தோலைத் தின்று கொண்டிருக்கும். முதல் நாள் வந்தால் விரல் நீளக் கீறலோடு முடியக்கூடியது, நான்காம் நாள் உள்ளங்கை அளவும், ஏழாம் நாள் உயிரளவும் கேட்கும்.

ஆகவே இவற்றை நினைவில் வையுங்கள். கவட்டிலோ பிறப்புறுப்பிலோ வீக்கமும், பார்வைக்குத் தெரிவதைவிட மிகுதியான வலியும், காய்ச்சலும் சேர்ந்து வந்தால், குறிப்பாக நீரிழிவு உள்ளவருக்கு வந்தால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தோல் கறுத்தாலோ, தொட்டால் நொறுநொறுவென்று ஒலித்தாலோ ஒரு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். மலத்தில் இரத்தம், மூலம் என்று நினைத்து ஆறாதிருக்கும் புண், மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் கட்டி அல்லது அரிப்பு ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரின் பிட்டத்தையும் கவட்டையும் நாள்தோறும் பாருங்கள்; சிவந்த இடத்தை அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறாவிட்டால் அது புண்ணின் முதல் அடையாளம்.

அறுவை தேவை என்று சொன்னால், எந்த இடத்து மடல், எத்தனை நாள் உட்காரக் கூடாது, செயற்கை மலவாய் தற்காலிகமா நிரந்தரமா, தாம்பத்திய வாழ்வு எப்படியிருக்கும் என்றெல்லாம் தயங்காமல் கேளுங்கள். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் ஒட்டறுவைப் பிரிவு உண்டு. அங்குள்ளவர்களுக்கு இப்பகுதியும் கை கால்களைப்போல் உடலின் ஒரு பகுதியே. நோயாளிக்கும் அவர் குடும்பத்தாருக்கும் அப்படியே தோன்றிவிட்டால், பலருக்கு மடலே தேவைப்படாமல் போகும்.